கையில் தொழில் இருக்கிறது, சான்றிதழ் எங்கே?

 

ஓசூரில் தொழில் படித்த ஆள் கிடைப்பதில்லை என்பது பழைய பேச்சு. 1980களில் டைட்டன் வந்தபோது, கடிகாரம் செய்யத் தெரிந்தவர் இங்கே யார்? பள்ளிக்கூடங்களுக்கே போய், பிளஸ் டூ பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார்கள். 2022இல் ஓசூர் ஐபோன் ஆலையின் முதல் 6,000 ஊழியர்கள் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்று மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் சொன்னார். ராஞ்சி எங்கே, மத்திகிரி எங்கே!

நம் பிள்ளைகளுக்கு வேலை தெரியாமல் இல்லை. வெல்டிங் பட்டறையில் ஐந்து வருடம் நின்றவன் கையில் காட்டுவதற்குக் காகிதம் இல்லை, அவ்வளவுதான். கம்பெனி முதலில் காகிதத்தைத்தான் பார்க்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

21 வயதும் அதே தொழிலில் 3 ஆண்டு அனுபவமும் இருந்தால், தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரியவில்லை. சிறியவர்களை ஐடிஐயில் சேருங்கள். அரசுப் பள்ளியில் படித்துச் சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

பெண்ணை ஷிப்டுக்கு எப்படி அனுப்புவது என்ற தாய்மார்களின் கவலை நியாயமானது. பஸ் தெருமுனை வரை வருமா, தொழுகைக்கு இடம் உண்டா என்று முன்பே கேளுங்கள். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பட்டறைப் பிள்ளைகள் ஆதார், பள்ளிச் சான்றிதழ், முதலாளியின் அனுபவக் கடிதத்தோடு ஜும்ஆவுக்குப் பின் டிரஸ்ட் அலுவலகம் வரட்டும். விண்ணப்பத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம். கடிதம் தர முதலாளி தயங்கினால் சொல்லுங்கள், நானே வந்து பேசுகிறேன்.