அழும் குழந்தைக்கு அருகில் உட்காருங்கள்

மழலையர் கல்வியில் இன்று பட்டம் பெறும் இளைய தோழர்களே,

இன்னும் சில வாரங்களில் உங்களில் பலர் அங்கன்வாடிகளிலும் மழலையர் பள்ளிகளிலும் வேலைக்குச் சேர்ந்துவிடுவீர்கள். சேர்ந்த கையோடு ஒரு கேள்வி உங்களைத் தேடி வரும். "டீச்சர், எம்பிள்ளை எப்ப எழுதும்?" வேலைக்கு நேரமாகிவிட்ட ஒரு தாய் வாசலில் நின்றபடி கேட்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறொரு பள்ளியில் நூறு வரை எழுதுகிறது என்பது அவர் மனதில் உறுத்திக்கொண்டிருக்கும். கடன் வாங்கிக்கூடக் கட்டணம் கட்டியிருப்பார். அவருடைய கவலையைக் குறைத்துப் பேசாதீர்கள். அவருக்குத் தெளிவான பதில் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. அந்தப் பதில் என்ன என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பதிலின் ஒரு பகுதி குழந்தையின் உடம்பிலேயே இருக்கிறது. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்பு. மூன்று வயதில் ஏறக்குறைய மூன்றுதான் கெட்டிப்படத் தொடங்கியிருக்கும். கடைசி எலும்பு தொடங்கவே எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறோம். களிமண் பிசைவதும், மணலை அள்ளிக் கொட்டுவதும், புளியங்கொட்டை பொறுக்குவதும் (நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்) அந்தக் கையை எழுத்துக்குத் தயார் செய்யும் வேலைகள். இதை அந்தத் தாயிடம் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்.

விளையாட்டு குழந்தையின் மனதுக்கு என்ன செய்கிறது என்று புரியவைப்பதுதான் கடினம். "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பது தலைமுறை தலைமுறையாக நம் வகுப்பறைகளில் ஒலிக்கும் கட்டளை. அடக்கம் அப்படித்தான் வரும் என்று நம்பியிருக்கிறோம். 1948-இல் சோவியத் உளவியலாளர் மனுயிலென்கோ வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டியது. மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் "அசையாமல் நில்" என்று வெறுமனே சொன்னபோது அவர்களால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. அதே குழந்தைகள் விளையாட்டில் காவல்காரராக நின்றபோது வெகுநேரம் அசையாமல் நின்றார்கள். விளையாட்டில் குழந்தை தன் வயதைத் தாண்டி நிற்கிறது என்று 1933-இலேயே லெனின்கிராடில் ஆற்றிய உரையில் உளவியலாளர் விகோட்ஸ்கி சொல்லியிருந்தார். நாம் அதட்டி வரவழைக்கப் பார்க்கும் கட்டுப்பாட்டைக் குழந்தை தன் விருப்பத்தோடு பழகிக்கொள்ளும் இடம் விளையாட்டு. அதை நிறுத்திவிட்டு ஒழுக்கம் கற்பிக்கிறோம் என்று சொல்வது பெரிய முரண்.

ஆனால் பயந்துபோன குழந்தை விளையாடாது. உங்கள் வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. 1954-இல் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் உகாண்டாவின் கிராம வீடுகளுக்குப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தார். தவழும் குழந்தை தாயைவிட்டு நகர்கிறது, ஏதோ ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறது, திரும்பிப் பார்க்கிறது, அருகே வருகிறது, மறுபடி கிளம்புகிறது. தாய் அங்கேயே இருப்பாள் என்ற உறுதி உள்ள குழந்தைதான் துணிந்து தூரம் போனது. நம் வீடுகளில் பாட்டிமார் முந்தானையால் முகத்தை மூடி, "காணோம்" என்று சொல்லி, மறுகணமே விலக்கிச் சிரிப்பார்களே, அதுவும் இதே பாடம்தான். போனவர் திரும்பி வருவார் என்று அந்தப் பாட்டி கற்றுக்கொடுத்துவிடுகிறார்.

பள்ளி வாசலில் நாம் அந்தப் பாடத்தை அழித்துவிடுகிறோம். "பிள்ளை பார்க்காதப்ப நைசா போயிடுங்கம்மா" என்று தாயை அனுப்புகிறோம். குழந்தை திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. "அம்மா கடைக்குத்தான் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க" என்று அடுத்த பொய். அடங்காவிட்டால் பூச்சாண்டி, ஊசி, போலீஸ். ஆண் குழந்தை என்றால் "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" தயவுசெய்து இந்த வாக்கியங்களை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். தாய் கையசைத்து, சொல்லிவிட்டுப் போகட்டும். குழந்தை அழும், அழட்டும். நீங்கள் தரையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லுங்கள்: "அம்மா வேணுமா? அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வருவாங்க. அதுவரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்." சொன்னபடி இருங்கள். பல நாள் ஆகலாம். கோபத்தில் கடிக்கும் குழந்தையிடமும் அப்படித்தான்: கையைப் பிடித்துத் தடுத்து, "உனக்குக் கோபம் வந்திருக்கு. கோபம் வரலாம், கடிக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் திறம் மூன்று வயதில் யாருக்கும் முழுமையாக இருப்பதில்லை. நிதானமான ஒரு பெரியவர் பக்கத்தில் திரும்பத் திரும்ப இருப்பதால்தான் அது வளர்கிறது.

அழாத குழந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1952-இல் சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் பிரிட்டனில் ஓர் ஆவணப்படம் வெளியிட்டார். இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். பெற்றோர் கூட இருக்க முடியாது. பார்த்துவிட்டுப் போவதோடு சரி. அந்தக் காலத்து விதி அப்படி. அவள் அதிகம் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் 'நல்ல பிள்ளை'. அந்த முகத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு அவள் எவ்வளவு துயரத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. பெற்றோர் தடையின்றிக் குழந்தைகளைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 1959-இல் அரசுக் குழுவே பரிந்துரைக்கும் நிலை வந்ததில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. உங்கள் வகுப்பிலும் மூலையில் பையைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். தொந்தரவு தராத பிள்ளை என்று அதை விட்டுவிடாதீர்கள்.

அழுகையாக வராதது விளையாட்டாகவும் வரும். ஊசி போட்டுக்கொண்டு வந்த குழந்தை மறுநாள் பொம்மைக்கு ஊசி போடும். தம்பிப் பாப்பா வந்த வீட்டில், "இனிமே உன்னை யாரு கண்டுக்குவா?" என்று உறவினர் சீண்டிய பிள்ளை, பொம்மையைத் தூக்கி எறியும். அந்த இடத்தில் குறுக்கே போய், "பொம்மையை அடிக்கலாமா? அது என்ன நிறம் சொல்லு" என்று பாடம் நடத்தாதீர்கள். சொல்ல வார்த்தை கிடைக்காததை அது தன் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்து பாருங்கள்; கூப்பிட்டால் சேர்ந்துகொள்ளுங்கள்.

குறுக்கே போக வேண்டிய இடமும் ஒன்று உண்டு. கூட்டாஞ்சோறு விளையாட்டில் ஒரு குழந்தையை மட்டும் மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பார்கள். கேட்டால், "அவகூடச் சேரக் கூடாதுன்னு எங்கம்மா சொன்னாங்க" என்று வரும். அந்தப் பேச்சுக்குப் பின்னால் எது இருக்கிறது என்று இந்த மண்ணில் பிறந்த நம் எல்லோருக்கும் தெரியும். மூன்று வயதிலேயே சாதி செப்புச் சாமானுக்குள் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரின் மழலையர் ஆசிரியை விவியன் பேலி, "நீ விளையாட்டுக்கு வராதே என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது" என்பதைத் தன் வகுப்பின் விதியாகவே வைத்தார்; 1992-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அந்த விதியைக் குழந்தைகளோடு பேசிப் பேசித்தான் கொண்டுவந்தார். நம் வகுப்பறைகளுக்கு அந்த விதி இன்னும் அவசரமாகத் தேவை. யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் கையை யார் பிடிக்க மறுக்கிறார்கள் என்று தினமும் கவனியுங்கள். கவனித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

விளையாட்டு வழியாகக் கற்பது வெளியிலிருந்து இப்போதுதான் வந்த புதுமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தபோது, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று விளையாட்டுகளையே பருவங்களாக வைத்தது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். தமிழக அங்கன்வாடிகளுக்கான பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் விளையாட்டு வழிக் கல்வியையே சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 2002-இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு, அரசு முயல வேண்டும் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. சமையல், எடை பார்ப்பது, பதிவேடு, கைப்பேசிப் பதிவு என்று ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அங்கன்வாடிப் பணியாளரையும் ஓர் உதவியாளரையும் நம்பித்தான் அந்த முயற்சி நடக்கிறது. அவர்களுக்கு மதிப்பூதியம் என்று கொடுப்பதை ஊதியமாக உயர்த்த வேண்டும் என்பதை இந்த மேடையிலிருந்தே சொல்கிறேன். மூன்று வயதுக் குழந்தைக்கு நேர்முகத் தேர்வு வைக்கும் பள்ளிகள் அதைக் கைவிட வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

பட்டதாரிகளே, உங்களிடம் என் வேண்டுகோள் சிறியதுதான். வகுப்பில் முதல் இரண்டு வாரம் நோட்டுப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். தலைமையாசிரியர் கேட்டால் காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அந்த நாட்களில், ஒவ்வொரு குழந்தையும் எப்போது அழுகிறது, எதைக் கண்டால் அழுகையை நிறுத்துகிறது, யாரோடு விளையாட ஆசைப்படுகிறது என்று நீங்கள் எழுதி வையுங்கள். அதை உங்கள் உதவியாளரோடும் பெற்றோரோடும் பேசுங்கள். பாடத்தை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.