பிள்ளைகளின் உணவுக்கு வெட்கம் வேண்டாம்



பொழுது புலருமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய தாயும் தகப்பனும் ஒரு குவளை வரக்கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் பல வீடுகளில் பசியாறாமலே பள்ளிக்குப் போகிறார்கள். பத்து மணி ஆவதற்குள் கண் இருள்கிறது. ஆசிரியர் சொல்லும் பாடம் காதில் ஏறுவதில்லை. “இவனுக்குப் படிப்பு வராது” என்று நாமே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். குறை மூளையிலா, வயிற்றிலா என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தோமா?

2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரிய வந்தது. ஐந்து பிள்ளைகளில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தால், அந்த ஐந்தில் ஒருவரை நாமே அடையாளம் கண்டுகொள்வோம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் உணவு உதவிகள் சில இருக்கின்றன. ஆனால் உரியவர்கள் பலர் அவற்றைப் பெறாமலே இருக்கிறார்கள். தெரியாமை ஒரு காரணம்; வெட்கம் மற்றொரு காரணம்; பத்திரம் இல்லாமை மூன்றாவது காரணம். இம்மூன்றையும் இன்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், என்னென்ன உதவிகள் உண்டு என்று தெரிந்துகொள்வோம்.

ஆரம்பப் பள்ளிகளில் ஏழை மாணவர்களுக்குப் பள்ளி நாட்களில் இலவச உணவு தரப்படுகிறது. ஆர்.எம்.டி. உணவு என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். 1979ஆம் ஆண்டிலிருந்து கல்வி அமைச்சு இதை நடத்தி வருகிறது. தீபகற்ப மலேசியாவில் ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளி 50 காசாக இருந்த தொகை, 2022ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 3 வெள்ளி 50 காசாக உயர்த்தப்பட்டது. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் இது உண்டு. பெயர்களைப் பள்ளிக்கூடம்தான் எடுக்கிறது. வீட்டு வருமானத்தைக் கேட்டு ஆசிரியர் ஒரு பாரம் கொடுத்து அனுப்பினால், அது புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடந்துவிடக் கூடாது. அன்றிரவே நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆண்டின் நடுவில் தகப்பனுக்கு வேலை போய்விட்டாலோ, குடும்பத் தலைவர் காலமாகிவிட்டாலோ, தலைமையாசிரியரைப் பார்த்து நிலைமையைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வேறோர் உதவி உண்டு. சுகாதார அமைச்சு 1989ஆம் ஆண்டில் தொடங்கிய உணவுக் கூடைத் திட்டம் அது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள, எடை குறைந்த, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் அரிசி, நெத்திலி, பச்சைப் பயறு, சமையல் எண்ணெய், பால் மாவு முதலிய பொருள்கள் அரசாங்கக் கிளினிக் மூலம் கிடைக்கின்றன. இதற்கு வழி ஒன்றுதான்: பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் எடை பார்க்க வேண்டும். ஊசி போட்டு முடிந்ததும் பல தாய்மார்கள் கிளினிக் பக்கமே போவதில்லை. எடை பார்த்தால்தானே மிஸ்ஸிக்குக் குறை தெரியும்?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உணவுக் கூடை வீட்டுக்கு வந்ததும், பால் மாவு பெரியவர்களின் கோப்பிக்கும் நெத்திலி வீட்டாரின் சாம்பலுக்கும் போய்விடுவதுண்டு. வீட்டில் எல்லாருக்குமே பற்றாக்குறை இருக்கும்போது இது இயல்புதான். ஆயினும் அது மருந்தைப் போன்றது. ஒருவருக்குக் கொடுத்த மருந்தை ஐந்து பேர் பங்கிட்டுக் குடித்தால் நோய் தீருமா? முதல் பங்கு எடை குறைந்த பிள்ளைக்கே என்று வீட்டில் எல்லாரும் ஒரு முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, சாரா என்னும் உதவி. எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறுகிறவர்களில் 54 லட்சம் பேருக்கு இது 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து விரிவுபடுத்தப்பட்டது. பணம் கையில் வராது. அடையாளக் கார்டாகிய மைகாட்டைப் பதிவு பெற்ற கடையில் காட்டி, அரிசி, முட்டை, எண்ணெய், ரொட்டி போன்ற அத்தியாவசியப் பொருள்களை வாங்கிக்கொள்ளலாம். ஆகவே எஸ்.டி.ஆர். பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிள்ளை பிறந்தாலோ, வீடு மாறினாலோ விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். மிகவும் வறிய குடும்பங்கள் இ-காசிஹ் எனப்படும் வறியோர் பதிவேட்டிலும் பெயர் கொடுக்கலாம். இதற்கு மாவட்ட அலுவலகத்தை அணுகலாம்.

இனி, வெட்கத்தைப் பற்றிப் பேசுவோம்.

“நமக்குக் கை கால் இருக்கிறது. பிச்சை எதற்கு?” என்று கேட்கும் தகப்பன்மார்களை நாம் எல்லாத் தோட்டங்களிலும் பார்க்கிறோம். அவர்களுடைய மானத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு வரை, மாதம் 980 வெள்ளிக்குக் குறைந்த வருமானம் உள்ள குடும்பமே ஏழைக் குடும்பம் என்று நம் நாட்டில் கணக்கிடப்பட்டது. அவ்வாண்டு அந்த முறை திருத்தப்பட்டு, எல்லை 2,208 வெள்ளி ஆயிற்று. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 2,589 வெள்ளி. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அப்படியானால், ஒருவர் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீடு எந்தப் பக்கம் நிற்கிறது? உழைக்காததால் வந்த வறுமையா இது? மழை நாளில் பால் வெட்ட முடியாது. வேலை நாள் குறைந்தால் சம்பளம் குறைகிறது. நாள் முழுதும் உழைத்தும் எட்டாத தூரத்தை எட்டுவதற்குத்தான் இந்த உதவி. கடையில் ஒவ்வொரு பொருள் வாங்கும்போதும் நாமும் ஏதோ ஒரு வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நம் முன்னோர் சொன்னார்கள். பிள்ளைக்காகக் கேட்பதில் இழிவு இல்லை.

பிள்ளைகளிடையேயும் வெட்கம் உண்டு. “இலவசச் சாப்பாடு சாப்பிடுகிறவன்” என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால், பசியோடு இருந்தாலும் பிள்ளை கெண்டீனுக்குப் போகாது. நம் வீட்டுப் பிள்ளை அப்படிக் கேலி பேசினால், அங்கேயே அதைத் திருத்துவது நம் கடமை.

மூன்றாவது தடை பத்திரம். பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாவிட்டால் எந்தக் கதவைத் தட்டினாலும் திறப்பது கடினம். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பின்னரும் பதியலாம். ஆனால் அலைச்சல் அதிகம். பன்னிரண்டு வயதானதும் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். எஸ்.டி.ஆர்., சாரா ஆகிய உதவிகள் குடியுரிமை உள்ளவர்களுக்கு உரியவை. ஆகவே வீட்டில் யாருக்காவது பத்திரச் சிக்கல் இருந்தால், நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்றே தொடங்க வேண்டும்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? பெரிய சங்கம் எதுவும் வேண்டியதில்லை. தோட்டத்துக்கு மூன்று பேர் போதும். மலாய் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் பாரங்களை நிரப்பிக் கொடுக்கலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, கூலி நாளை இழக்க முடியாத தாய்க்குத் துணையாகப் பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகலாம். மோட்டார் சைக்கிளோ காரோ உள்ள ஒரு தம்பி, மாதத்தில் ஒரு நாள் பட்டணத்து அலுவலகங்களுக்கு நாலு பேரைக் கூட்டிப் போய் வரலாம். பாரத்தைக் கொடுத்துவிட்டு வருவதோடு வேலை முடிந்துவிடாது. பதில் வந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அதில் ஒரு பாதி. ஒவ்வொரு வீட்டிலும் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வைத்திருந்தால் பாதி அலைச்சல் தீர்ந்துவிடும்.

உதவி செய்பவர்கள் ஒருவர் வீட்டுச் செய்தியை அடுத்த வீட்டில் சொல்லக் கூடாது. யாருடைய சம்பளம் எவ்வளவு, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது திண்ணைப் பேச்சானால், மறுமுறை எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. இந்த உதவிகளுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. “நான் வாங்கித் தருகிறேன், ஐம்பது வெள்ளி கொடு” என்பவரை நம்ப வேண்டாம். பழைய கடனுக்கு ஈடாக மைகாட்டைக் கடைக்காரரிடம் விட்டு வருவதும் ஆபத்து. அட்டை நம் கையிலேயே இருக்கட்டும்.

வீட்டில் சமைக்க ஒன்றும் இல்லை என்ற நிலை ஏற்பட்டால், மாவட்டச் சமூக நல இலாகாவை அணுகலாம். தாலியான் காசிஹ் என்னும் 15999 எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியில் பேசலாம்.

நேயர்களே, அடுத்த வீட்டுப் பிள்ளை மெலிந்து வருகிறதா என்பது பட்டணத்து அலுவலகத்துக்கு முதலில் தெரியாது. நமக்குத்தான் முதலில் தெரியும். இந்த வாரம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, “பாரம் நிரப்பிவிட்டீர்களா அக்கா?” என்று கேட்போம். அந்த ஒரு கேள்வியால் ஒரு பிள்ளை பசியாறிப் பாடம் படிக்கக்கூடும்.