குறையேடும் வெளியீட்டு நாளும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணினியைப் பற்றிப் பேச வந்த நான், நம் மண்ணின் மல்லாட்டையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். டி.எம்.வி. என்னும் எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பன என்பதை உழவர் அறிவர். அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை ரகம் 1940-இல் வெளிவந்தது, டி.எம்.வி. 7 வெளிவந்த ஆண்டு 1967. டி.எம்.வி. 2 துரு நோய்க்கும் இலைப்புள்ளி நோய்க்கும் எளிதில் ஆட்படும். எனினும் பல்லாண்டு காலம் உழவர் அதனைப் பயிரிட்டனர். நோய் தாங்கும் புதிய ரகங்களைச் சோதித்தபோது, ஒப்பீட்டுக்காக அதனையே பக்கத்தில் விதைத்தனர். குறை பதிவாகியிருந்ததால், அடுத்த ரகம் எதனைக் களைய வேண்டும் என்பது தெளிவாயிற்று.

எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளும் இவ்வழியே வளர்கிறது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் இதனை மாணவரிடையே பரப்பி வருகின்றனர். நிரல் எழுதுவது இதில் ஒரு பகுதியே. குறைகளைப் பதிந்து வகைப்படுத்துவதும், எந்நாளில் வெளியிடுவது என்று முடிவு செய்வதும் அதற்கு இணையான பணிகள்.

1993-இல் தொடங்கிய டெபியன் திட்டத்தின் குறையேடு எல்லார்க்கும் திறந்திருக்கிறது. குறைகளை மறைக்க மாட்டோம் என்பது 1997-இல் அத்திட்டத்தார் ஏற்ற சமூக ஒப்பந்தத்தின் ஓர் உறுதிமொழி. மின்னஞ்சல் எழுதத் தெரிந்த எவரும் குறை சொல்லலாம். அதற்கோர் எண் கிடைக்கும். ஆயின், "தமிழ் சரியாக வரவில்லை" என்று எழுதினால் எவராலும் திருத்த இயலாது. எந்தப் பதிப்பில், எந்த எழுத்துருவில், 'கொ' என்று தட்டியபோது கொம்பு எங்கே போய் நின்றது என்று எழுதினால், கடல் கடந்து வாழும் ஒருவர் அதனைத் தம் கணினியில் செய்து பார்ப்பார். ஒரே குறையைப் பதின்மர் சொன்னால் ஓர் எண்ணின்கீழ்ச் சேர்ப்பர். கோப்பை அழிக்கும் குறை முன்னே நிற்கும். எழுத்துப்பிழை பின்னே நிற்கும்.

இனி, வெளியீட்டு நாள். கடுங்குறைகள் தீரும்வரை வெளியிடுவதில்லை என்பது டெபியன் மரபு. அதனால் 2002 சூலையில் ஒரு பதிப்பு வந்தபின், அடுத்தது 2005 சூனில்தான் வந்தது. க்னோம் திட்டத்தாரோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை என நாளைக் குறித்துவிட்டு, முடியாத வேலையை அடுத்த பதிப்புக்குத் தள்ளினர். நம் விழுப்புரம் சந்திப்பில் ஐந்து திசைப் பாதைகள் கூடுகின்றன. ஒரு பயணிக்காக ஒரு வண்டி நின்றால் மற்றவையும் தடுமாறும். அடுத்த வண்டி உறுதி என்றால், தவறவிட்டவரும் பதறுவதில்லை. டெபியனும் 2005-க்குப் பின் ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒன்று என்னும் ஒழுங்கிற்கு வந்தது. கடுங்குறை பற்றிய கண்டிப்பை மட்டும் கைவிடவில்லை.

தமிழுக்கு இதில் என்ன பங்கு? வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே, திரையில் தோன்றும் சொற்றொடர்களை இனி மாற்றலாகாது என்று க்னோம் போன்ற திட்டங்கள் தடை விதிக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் வேலையை முடிப்பதற்கான அவகாசம் அது. கடைசி நாளில் நிரலாளர் ஒரு தொடரை மாற்றினால், தமிழ்த் திரையில் அந்த இடத்தில் ஆங்கிலம் நிற்கும். சிறு குழுக்களாய் உழைக்கும் மொழியினரைக் காக்கும் வேலி இது. அந்த வாரங்களில் நாம் உறங்கினால் வேலியால் பயனில்லை.

அதனினும் பெரிய இழப்பு நம் மௌனம். எழுத்துச் சிதைந்தால் முணுமுணுத்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோம். குறையேட்டில் தமிழ் பற்றிய பதிவு இல்லையெனில், தமிழில் குறையே இல்லை என்றுதான் தொலைவில் இருப்பவர் எண்ணுவார். அல்லது தமிழில் இதனை எவரும் பயன்படுத்துவதில்லை என்று எண்ணுவார். இரண்டாவது எண்ணமே எனக்கு அச்சம் தருகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நூலின் இறுதியில் பிழைதிருத்தப் பட்டியல் இணைக்க நாணாத மரபினர் நாம். திங்கள்தோறும் ஒரு மாலையை ஒதுக்கி, ஏதேனும் ஒரு மென்பொருளின் தமிழை வரிவரியாய்ப் படித்து, கண்ட குறைகளைப் பண்புடன் பதிவோம். மறுமுனையில் இருப்போரும் பெரும்பாலும் தன்னார்வலரே. எல்லாம் உடனே தீராது. பதிந்த குறைக்கு ஓர் எண் உண்டு. பதியாத குறையைத் தேடி எவரும் வரமாட்டார்.