இரு அமெரிக்க மாகாணங்களும் மக்கள் வாழ்வும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்கா என்று நாம் ஒரே சொல்லாற் குறிக்கும் தேசம் 50 மாகாணங்களின் கூட்டாகும். அவை யாவும் ஒரே கொடியின் கீழ் அமைந்து, ஒரே நாணயத்தை வழங்கி வருவன. எனினும், ஒரு குழந்தை எந்த மாகாணத்திற் பிறக்கின்றது என்பது அதன் ஆயுளையும் கல்வியையும் பெரிதும் நிர்ணயிக்கின்றது. இதனை விளக்கும்பொருட்டு, வடகிழக்கிலுள்ள மாஸாச்சூஸெட்ஸ், தெற்கிலுள்ள மிஸ்ஸிஸிப்பி ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

இயற்கை அன்னை யாருக்கு அதிகம் அளித்தாள்? மிஸ்ஸிஸிப்பியின் பரப்பு மற்றதைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்டது. பெருநதி கொணர்ந்த வண்டலில் பருத்தி செழித்து விளைந்த பூமி அது. மாஸாச்சூஸெட்ஸோ கல்லும் கடுங்குளிரும் மிகுந்த சிறு நிலம். ஆயினும் 2020-ம் வருஷத்து ஜனக்கணிதப்படி இச்சிறு நிலத்தில் 70 லக்ஷம் பேர் வசிக்க, அப்பெரு நிலத்தில் 30 லக்ஷம் பேரும் இல்லை. தலைக்கு வருமானத்திலும் முன்னது பின்னதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல்.

வருமானத்தை விட்டு ஆயுளைப் பாருங்கள். 2021-ம் வருஷக் கணக்கின்படி, பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் மாஸாச்சூஸெட்ஸில் 79.6 ஆண்டு, மிஸ்ஸிஸிப்பியில் 70.9 ஆண்டு. ஒரே தேசத்துப் பிரஜைகளுக்குள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு வேற்றுமை! 2022-ல் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் ஓராண்டு நிரம்புமுன் இறந்தவை முன்னதில் மூன்றுக்குச் சற்று மேல். பின்னதில் ஒன்பதுக்கு மேல். பின்னதிலும் கறுப்பர் இனத்துச் சிசுக்கள் வெள்ளையர் சிசுக்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு மடிகின்றன. 2025 ஆகஸ்டில் அம்மாகாணச் சுகாதார இலாகாவே இதனைப் பொதுச் சுகாதார நெருக்கடியெனப் பிரகடனம் செய்தது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? சரித்திரமே விடை பகர்கின்றது. 1647-ம் வருஷத்திலேயே, 50 குடும்பமுள்ள ஒவ்வோர் ஊரும் ஓர் உபாத்தியாயரை நியமிக்க வேண்டுமென்று மாஸாச்சூஸெட்ஸ் சட்டம் செய்தது. 1852-ல் கட்டாயக் கல்வியை அமெரிக்காவில் முதன்முதல் ஏற்றதும் அதுவே. மிஸ்ஸிஸிப்பி அதனை 1918-ல், எல்லா மாகாணங்களுக்கும் கடைசியாக ஏற்றது. 1860-ல் அங்கிருந்த ஜனங்களுட் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். எழுத்தறிந்த அடிமை எஜமானனுக்கு ஆபத்து என்று கருதிய சமூகம் பள்ளிக்கூடத்தை எங்ஙனம் போற்றும்?

இன்னும் கேளுங்கள். நிறம் பற்றிப் பள்ளிகளைப் பிரித்தல் செல்லாதென்று 1954-ல் ஸுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பளித்தது. அதன்பின் கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் ஒரே பெஞ்சியில் உட்காருவதினும் மேலென்று, மிஸ்ஸிஸிப்பியின் சட்டசபை கட்டாயக் கல்விச் சட்டத்தையே ரத்து செய்தது! 1982-ல் கவர்னர் வில்லியம் விண்டர் காலத்துச் சீர்திருத்தச் சட்டமே அதனை மீண்டும் உறுதியாக நிலைநாட்டியது. அண்டை வீட்டான் குடிக்கலாகாதென்று ஊர்க்கிணற்றைத் தூர்த்தவனுக்கும் மறுநாள் தாகம் எடுக்குமன்றோ? அங்கே வெள்ளையரின் பிள்ளைகளும் பின்தங்கினர்.

வைத்தியத்திலும் இவ்வாறே. ஏறக்குறைய எல்லோருக்கும் வைத்திய இன்ஷ்யூரன்ஸ் கிடைக்க மாஸாச்சூஸெட்ஸ் 2006-ல் சட்டம் செய்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் உதவியை விரிவாக்க 2010-ம் வருஷத்து மத்திய சட்டம் வழி செய்தும், மிஸ்ஸிஸிப்பி 2025 வரையில் அதனை ஏற்கவில்லை.

எனினும் ஒரு பக்கமே பேசுவது நியாயமாகாது. மாஸாச்சூஸெட்ஸில் ஒரு வீடு வாங்கும் பணத்துக்கு மிஸ்ஸிஸிப்பியில் மூன்று வாங்கலாம். சொந்த வீட்டில் வசிக்கும் குடும்பங்களின் விகிதமும் மிஸ்ஸிஸிப்பியிலேயே அதிகம். வாடகை தாளாமல் மாஸாச்சூஸெட்ஸை விட்டு வெளியேறும் இளங்குடும்பங்கள் பல. நிறத்துவேஷமும் தெற்குக்கே உரியதன்று. 1974-ல் கறுப்புக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற பஸ்கள் மீது பாஸ்டன் நகரிற் கல்லெறிந்தார்கள்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று. 2013-ல் மிஸ்ஸிஸிப்பி ஒரு சட்டம் செய்தது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை மேல் வகுப்புக்கு அனுப்பலாகாது. அப்பிள்ளைக்குத் தனிப் பயிற்சி அளிக்க வேண்டும். எழுத்தொலிகளை முறையாகக் கற்பிக்க உபாத்தியாயர்களைப் பழக்க வேண்டும். அக்காலத்தில் நான்காம் வகுப்பு வாசிப்புப் பரீட்சையிற் கடைசி வரிசையில் நின்ற அம்மாகாணம், 2024-ல் தேசிய சராசரியைத் தாண்டிவிட்டது. மாஸாச்சூஸெட்ஸ் இன்னும் முன்னே நிற்கின்றது. ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த தாழ்வும் பதினோராண்டு உழைப்புக்கு இணங்குமாயின், தலைவிதி என்று சொல்லிச் சோம்பியிருக்க யாருக்கு உரிமையுண்டு?

நம் குடும்பங்களிலிருந்து அத்தேசத்துக்குச் செல்லும் பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்று விசாரிக்கின்றனர். அது தக்கதே. அத்துடன், அவ்வூர்ப் பள்ளி எப்படி, பிரசவ ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், அங்குள்ள ஏழையின் குழந்தை எத்தனை வயது வாழ்கின்றது என்றும் விசாரித்தல் வேண்டும். ஏழையின் குழந்தை நெடிது வாழும் ஊரே எவர்க்கும் நல்ல ஊர். நாம் வாழும் ஊருக்கும் அளவுகோல் அதுவே.