வெகுஜனப் பாடகர் யார்?

(கலைக் குழுத் தோழர்களின் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



காலையில் ஓர் இளம் தோழர் கேட்டார்: “நம் பாட்டைக் கைப்பேசியில் போட்டோம். முந்நூறு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். சினிமாப் பாட்டோ கோடிக் கணக்கில் ஏறுகிறது. நாம் என்றைக்கு வெகுஜனப் பாடகர்கள் ஆவது?” அவர் கேட்டபோது சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டிய கேள்வியல்ல அது.

கோடி என்ற அந்த எண் எதைக் காட்டுகிறது? பாட்டு எத்தனை முறை ஓடிற்று என்பதை. எத்தனை வாய்கள் அதைத் திரும்பப் பாடின என்பதை அது காட்டாது. பணம் கட்டினால் எந்தப் பாட்டையும் நம் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்திவிடலாம். மனதில் நிறுத்த முடியுமா?

கே. பி. சுந்தராம்பாளை எடுத்துக் கொள்ளுங்கள். அவர் காங்கிரஸ் மேடைகளில் பாடியவர். 1951இல் சென்னை மேல்சபைக்கும் போனவர். நம் அணியைச் சேர்ந்தவர் அல்ல. அதனால் என்ன? கற்றுக் கொள்ள வேண்டியதை யாரிடமிருந்தும் கற்றுக் கொள்ளலாம்.

1908இல் கொடுமுடியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமி என்று சொல்வார்கள். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் வளர்ந்தவர். முன்வரிசை நாற்காலியில் ஜமீன்தாரும் மிராசுதாரரும் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் தரையில், வண்டி கட்டிக் கொண்டு வந்த குடியானவன் உட்கார்ந்திருப்பான். அவன் காதுக்கும் எட்ட வேண்டும். அந்த உச்ச ஸ்ருதி வித்தையைக் காட்டுவதற்காக வந்ததல்ல. தரை டிக்கெட்காரனுக்காக வந்தது! பிடித்திருந்தால் அவன் ‘ஒன்ஸ்மோர்’ என்பான். மறுபடி பாட வேண்டும். பிடிக்காவிட்டால் என்ன செய்வான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகும்போது அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் போவான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் வாசித்தால் தெருவே பாடும்.

1926இல் இலங்கையில் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்து அவரோடு ஜோடியாக நடித்ததும், 1933இல் அவர் இறந்ததும் நீங்கள் அறிந்த கதை. அதன் பிறகு ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்து அழைத்தார்கள். அன்று எவரும் கேள்விப்படாத தொகை! 1935இல் படம் வெளிவந்தது. செலவுக்கேற்ற வெற்றி பெறவில்லை. லட்ச ரூபாய் ஊரெல்லாம் பேச்சாயிற்று, அவ்வளவுதான். ஆனால் 1953இல் ‘ஔவையார்’, 1965இல் ‘திருவிளையாடல்’ என்று நரைத்த கிழவியாக வந்து பாடினாரே, அந்தக் குரல் இன்றும் முருகன் கோயில் திருவிழாக்களில் ஒலிக்கிறது. கூட நின்று முணுமுணுக்கும் பெண்களில் பலர் அவர் பெயரைக்கூட அறியமாட்டார்கள். பாடியவர் பெயர் மறந்த பிறகும் பாட்டு நிற்கிறது பாருங்கள், அதைத்தான் வெகுஜனம் என்கிறேன்.

சர்க்கார் செய்த சோதனை

மேலேயிருந்து உத்தரவு போட்டு ஜனங்களின் ரசனையை மாற்ற முடியுமா? அதையும் செய்து பார்த்தார்கள். 1952இல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரங்கெட்டது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகி மறைந்தது. சாஸ்திரீய சங்கீதம் நிறைய வந்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? மறியல் செய்யவில்லை, மனுப் போடவில்லை. ரேடியோ முள்ளைத் திருப்பினார்கள்! இலங்கை வானொலி கிடைத்தது. தமிழ்நாட்டு டீக்கடைகளில் கொழும்பின் குரல் கேட்டது. கடைசியில் சர்க்கார்தான் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3இல் ‘விவித பாரதி’ பிறந்தது.

இலங்கை வானொலி ஜனங்கள்மீது கொண்ட காதலால் இதைச் செய்தது என்று நினைத்து விடாதீர்கள். பற்பசைக்காரனும் சோப்புக்காரனும் கொடுத்த விளம்பரக் காசு அது. ஆனால் அந்த டீக்கடைக்கு ஒரு குணம் இருந்தது. பத்துப் பேர் ஒரே பாட்டைக் கேட்டார்கள், ஒருவன் தாளம் போட்டான், இன்னொருவன் “என்னய்யா பாட்டு இது!” என்று திட்டினான். இன்று பஸ்ஸில் நாற்பது பேர் காதில் நாற்பது பாட்டு. அடுத்த பாட்டு எது என்பதைக் கம்பெனிக்காரனின் கணிப்பொறி முடிவு செய்கிறது. பக்கத்து ஆசனக்காரன் என்ன கேட்கிறான் என்றே நமக்குத் தெரியாது. டீக்கடையில் நடந்த அந்த வாதம் எங்கே நடக்கும்?

ஆகவே, கேள்வி கேட்ட தோழருக்குச் சொல்கிறேன்: அந்த முந்நூறு பேர் யார் யார்? உங்கள் ஊரில் நாற்று நடும் பெண்களில் ஒருத்தியாவது அதைப் பாடினாளா? பாடும்போது வார்த்தையை மாற்றினாளா? மாற்றியிருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். அவள் மாற்றியதை எழுதிக் கொண்டு வாருங்கள். பெரும்பாலும் அதுதான் நன்றாயிருக்கும்.

இப்போது நம் குழு பாடப் போகிறது. மைக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசி வரிசையில் இருப்பவர்கள், காதில் விழாவிட்டால் தயங்காமல் கையைத் தூக்குங்கள்.