நஸ்ருலின் பாட்டும் நஸ்ருலின் மௌனமும்

வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: போருக்குப் போனார், புரட்சிக்கவி ஆனார், உணர்ச்சி முற்றி மனம் பேதலித்தது. ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இந்தக் கதை நிற்பதில்லை. வங்கத்தின் சுருலியாவில் 1899இல் பிறந்தவர், 1917இல் பள்ளியைப் பாதியில் விட்டு 49ஆம் வங்காளிப் படைப்பிரிவில் சேர்ந்தார். அந்தப் பிரிவு மெசபடோமியாவுக்குப் போனது, அவர் போகவில்லை. 1920இல் பிரிவு கலையும்வரை கராச்சிப் பாசறையிலேயே இருந்து ஹவில்தார் ஆனார். ஒரு பஞ்சாபி மௌல்வியிடம் பாரசீகம் கற்று ஹாபிஸைப் படித்ததும், 1919இல் முதல் கதையையும் முதல் கவிதையையும் வங்கப் பத்திரிகைகளுக்கு அனுப்பியதும் அங்கிருந்துதான். களம் காணாதவரைப் போர் தொடாதா என்று கேட்கலாம். தொட்டது. அவர் கதைகளில் போர்முனை வருகிறது, கவிதை நடையில் அணிவகுப்பின் தாளம் கேட்கிறது. ஆனால் அவருக்குப் போர் தந்தது காயத்தை அன்று, படிப்பை. பாரதி மறைந்து சில மாதங்களில், 1921 டிசம்பரில், ‘பித்ரோஹி’ (கலகக்காரன்) கவிதையை எழுதியவர் உடைந்துபோன சிப்பாய் அல்லர். சீருடை கொடுத்த அரசையே எதிர்த்து ‘தூம்கேது’ இதழ் நடத்தி, சிறை சென்று, 1923இல் ஹூக்ளிச் சிறையில் உண்ணாவிரதம் இருக்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தவர்.

போர் இல்லையென்றால் துக்கம் என்பார்கள். 1930இல் மகன் புல்புல் அம்மையில் இறந்தான்; 1939இல் மனைவி பிரமீளா பக்கவாதத்தில் படுத்தார். துக்கம் உண்மை, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு வந்த பத்தாண்டுகளைப் பாருங்கள். கிராமபோன் கம்பெனிக்காக இஸ்லாமியப் பாடல்களும் காளி மீதான சியாமா சங்கீதமும் கஜல்களும் அடுத்தடுத்து வந்தன. கல்கத்தா வானொலியில் அரிய ராகங்களை மீட்டதோடு புதிய ராகங்களையும் உருவாக்கினார். மொத்தம் ஏறத்தாழ 3,000 பாடல்கள் என்கிற கணக்கில் பெரும்பகுதி இந்தக் காலத்தது. சிதைந்துகொண்டிருந்த மனம் இப்படி உழைக்காது.

1942 ஜூலையில் நோய் தாக்கியபோது அவருக்கு 43 வயது. பேச்சு போயிற்று, பிறகு நினைவும். மனநோய் என்று கருதி 1952இல் ராஞ்சி மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு வியன்னாவில் மருத்துவர் ஹான்ஸ் ஹாஃப் சோதித்து, மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சுருங்கும் பிக் நோய் என்றார், குணமாக்கும் கட்டம் கடந்திருந்தது. பிக் நோயாளி நஸ்ருலைப் போல நோய் தாக்கிய பிறகு 34 ஆண்டு வாழ்வது வழக்கத்துக்கு மீறியது என்பதால் இந்த முடிவை ஐயுறுவோர்க்கும் இடமுண்டு. ஆனால் பெயர் எதுவானாலும், அந்த நோய் ஒரு பாட்டையும் தரவில்லை. இங்கிலாந்தின் ஐவர் கர்னியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அவரும் கவிஞர், இசையமைப்பாளர். 1917இல் பிரான்சில் குண்டடி பட்டவர், அதே ஆண்டு விஷவாயுவுக்கும் ஆளானவர். 1922 முதல் 1937இல் இறக்கும்வரை மனநோய் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தும் அங்கே பல ஆண்டுகள் கவிதை எழுதினார். இருவரையும் ‘பித்துப் பிடித்த மேதை’ என்ற ஒரே சட்டகத்தில் மாட்டுவது இருவருக்கும் அநீதி.

நோய் உண்மையில் எங்கே கைவைத்தது என்றால், பாட்டின் பிற்கால வாழ்வில். கவிஞன் வாய் மூடினாலும் அச்சிட்ட சொல் நிற்கும். மெட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. 1942க்குப் பிறகு ஒரு மெட்டைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல, உயிரோடிருந்த நஸ்ருலால் முடியவில்லை. கமல் தாஸ்குப்தா போன்றவர்கள் அவர் இசைவோடு அமைத்த மெட்டுகள் வேறு. கேட்பாரற்ற பிறகு புகுந்த மெட்டுகள் வேறு. எந்தப் பாட்டுதான் வாய்மொழியில் மாறவில்லை என்று மறுக்கலாம். தாகூர் பாடல்களும் சர்ச்சைக்குத் தப்பவில்லைதான். ஆனால் அவற்றுக்குச் சுரக்குறிப்பும் காவலுக்கு அவர் நிறுவிய விஸ்வபாரதியும் இருந்தன. திருவனந்தபுரத்தில் இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1846இல் 33 வயதில் மறைந்தார். அவருடைய பல கிருதிகளுக்கு இன்று நாம் கேட்கும் வடிவத்தைத் தந்தவர்கள், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து வந்த முத்தையா பாகவதரும் செம்மங்குடியும். இங்குள்ள நவராத்திரி மண்டபக் கச்சேரிகளில் கேட்பதில் மன்னர் எவ்வளவு, மீட்டவர்கள் எவ்வளவு என்ற கேள்வி இங்கே காரசாரமாகவே எழுந்திருக்கிறது. நஸ்ருலுக்குக் கிராமபோன் தட்டு இருந்தது. டாக்காவின் நஸ்ருல் நிறுவனம் அந்தப் பழைய தட்டுகளை ஆதாரமாக வைத்துச் சுரக்குறிப்பு வெளியிடுகிறது. தட்டில் ஏறாத பாடல்களுக்கு அந்த வசதி கிடையாது. அவற்றை எந்த மெட்டில் பாடுவது என்பதைப் பாடுகிறவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.