கமக்காரர் வீட்டுக்கு ஏற்ற வேலைமேசை



பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் நாட்களில் மண்வெட்டிப் பிடி முறிந்தால், அன்றைய வேலை அத்துடன் நின்றுவிடுகின்றது. பிடியைத் திண்ணையில் வைத்துக் காலால் மிதித்துச் செதுக்குவோரையும், கத்தியை முழங்காலில் அழுத்தி அரத்தால் தீட்டுவோரையும் நான் செல்லும் கிராமங்களில் காண்கிறேன். ஆயுதம் சற்று வழுக்கினால் காயப்படுவது காலும் கையுமே. அக்காயம் ஆறும்வரை வயல் காத்திருக்காது. ஆதலின், உறுதியான வேலைமேசை ஒன்றைக் குறைந்த செலவில் அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதை இன்று கூற விரும்புகிறேன்.

மேசை எதற்காக என்பதை முதலிற் சிந்தியுங்கள். பிடி போடுதல், கத்தி தீட்டுதல், மருந்து தெளிகருவியைக் கழற்றிப் பூட்டுதல், நீரிறைக்கும் இயந்திரத்தின் சிறு பழுதைப் பார்த்தல் ஆகியவையே கமக்காரனின் வேலைகள். இவற்றுக்கு 5 அல்லது 6 அடி நீளமும் 2 அடி அகலமும் போதும். அகலம் கூடினால் பின்புறம் வேண்டாத பொருட்களே குவியும்.

உயரத்தை அளக்க நாடா வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு எங்கு நிற்கின்றதோ, அதுவே மேசையின் உயரம். பெரும்பாலானோருக்கு அது 32 முதல் 34 அங்குலம் வரையில் அமையும். தாழ்ந்த மேசை முதுகை வருத்தும். உயர்ந்த மேசையில் வாளுக்கும் சீவுளிக்கும் உடற்பலம் சேராது. அரத்தால் தீட்டும்போது மட்டும் பொருள் முழங்கை உயரத்தில் இருத்தல் நலம். மேசைமீது பூட்டிய வைஸ் அவ்வுயரத்தை ஏறக்குறையத் தந்துவிடும்.

இனி, பணத்தை எங்கே செலவிடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பதைக் கவனியுங்கள். அடிவிழுவது மேசையின் முன்பாதியிலேயே. ஆகையால் முன்புறம் 2 அங்குலத் தடிப்புள்ள கடினப் பலகை ஒன்று கட்டாயம் வேண்டும். பின்பாதிக்கு 1 அங்குலப் பலகை போதும். மேற்பரப்பு மட்டமாய் அமையுமாறு அதன் கீழே கட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். லாச்சி, வர்ணம், மெருகு ஆகியவை வேண்டா.

கால்கள் 3 அங்குலச் சதுரத்துக்குக் குறையாதிருக்க வேண்டும். குறுக்குச் சட்டங்களைக் கால்களுடன் இணைக்க வெறும் ஆணி போதாது. அடி விழவிழ ஆணி தளரும். பின் மேசை ஆடும். சுரை பூட்டிய போல்ற்றுகளாயின், தளரும்போதெல்லாம் இறுக்கிக்கொள்ளலாம். பின்புறத்தில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு சட்டத்தைப் பூட்டுங்கள். நீளவாட்டில் உண்டாகும் ஆட்டத்தை இச்சட்டமே அடக்கும். நிலத்திலிருந்து அரையடி உயரத்தில் ஒரு தட்டு அமைத்துக் கற்களையோ மணல் மூடைகளையோ வைத்தால், மேசை அசையாது நிற்கும்.

மரத்தைத் தெரிவதிற் கவனம் தேவை. முதிரை, பாலை உறுதியானவை. ஆனால் விலை கூடியவை. வேம்பு கறையானை ஓரளவு எதிர்க்கும். பனை, தென்னை மரங்களின் புறவைரமே பலமுடையது; உட்சோற்றி மென்மையானது. புறவைரத்தைச் சட்டங்களுக்குப் பயன்படுத்தலாம். துளையிட்ட பின்னரே ஆணி அறைய வேண்டும், இல்லையேல் பிளக்கும். பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் தீராந்தியும் கதவுநிலையும் நன்கு உலர்ந்தவை, விலையும் மலிவு. தட்டிப் பாருங்கள்: பொள்ளென்று ஒலித்தால் உள்ளே கறையான் தின்றிருக்கும். பழைய ஆணிகளைப் பிடுங்கிய பின்னரே வாள் வையுங்கள். மேசைக்கென்று மரம் தறிப்பதாயின், 1951 ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மறவாதீர்கள். பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறித்தல் ஆகாது. பச்சைமரம் உலரும்போது வளையும், வெடிக்கும். அதனை உடனே பயன்படுத்த வேண்டாம்.

கடையில் ஆயத்தமாக விற்கும் மேசையை வாங்குவோர் ஒரு சோதனை செய்க. ஒரு முனையைப் பிடித்து நீளவாட்டில் வலுவாகத் தள்ளுங்கள். ஆடினால் வாங்க வேண்டாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம்பட்டால் ஊதிவிடும். மழைக்காலக் கொட்டிலுக்கு அது பொருந்தாது.

வைஸை ஒரு காலுக்கு நேர்மேலே போல்ற்றால் பூட்டுங்கள். பலகையின் நடுவிற் பூட்டினால் பலகை அதிரும். மேசைக் கால்களைக் கருங்கல்லின்மேல் அல்லது சீமெந்துக் கட்டையின்மேல் நிறுத்தி, சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். அப்பொழுது கறையான் ஏறும் வழி கண்ணுக்குத் தெரியும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. உரமூடையையும் மருந்துப் போத்தலையும் இம்மேசையில் வைக்காதீர்கள். உரம் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். மருந்து பிள்ளைகளின் கைக்கு எட்டும். தெளிகருவியை நன்கு கழுவிய பின்னரே மேசைக்குக் கொண்டுவருக.

போகம் தொடங்குமுன் ஓய்வான இரு நாட்களில் இம்மேசையை அமைத்துவிடலாம். ஆயுதம் கூராகவும் கை காயமின்றியும் இருந்தால், விதைப்பு பருவம் தவறாது நடைபெறும்.